இடுபொருள் மானியம் யாருக்கு? பட்டா வைத்திருப்பவருக்கா, பயிர் வைத்தவருக்கா?

வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிரச்சினையை இங்கே வைக்கிறேன். டெல்டாவில் பல வீடுகளில் இதே கதைதான் என்று தெரியும், அதனால்தான் பொதுவில் கேட்கிறேன்.

அப்பா திருவாரூர் மாவட்டக் கடைமடையில், அதாவது வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதியில், நான்கு ஏக்கர் சாகுபடி செய்கிறார். ஒரு ஏக்கர் சொந்தம், மூன்று ஏக்கர் குத்தகை. குத்தகைக்கு எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். நிலக்காரர் குடும்பம் சென்னைக்குப் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அறுவடை முடிந்ததும் அப்பா நெல்லை விற்றுப் பணமாக அனுப்பிவிடுவார். ஒரு வருடம்கூடப் பாக்கி வைத்ததில்லை.

2023 பிப்ரவரி முதல் வாரம் பெய்த மழை நினைவிருக்கும். சம்பா அறுப்புக்கு நின்ற நேரம். மிஷினுக்குச் சொல்லி வைத்திருந்தோம். கதிர் அப்படியே சாய்ந்து தண்ணீரில் கிடந்தது, சில நாளில் கதிரிலேயே முளை விட்டுவிட்டது. அப்பா ஒரு பிடி அரிந்து கொண்டுவந்து திண்ணையில் போட்டுவிட்டு, அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அரசு 33 விழுக்காட்டுக்கு மேல் பாதித்த நெல்லுக்கு இடுபொருள் மானியமாக ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர், ஆக ஏக்கருக்குச் சுமார் 8,100. அப்பா கணக்கில் ஏறியது சொந்த ஏக்கருக்கான பணம் மட்டும். மீதி மூன்று ஏக்கருக்கான 24,000 சொச்சம் நிலக்காரர் கணக்குக்குப் போய்விட்டது. ஊரில் விசாரித்தால் "பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான்" என்றார்கள். விதை நெல் வாங்கியதும், உரம் போட்டதும், களையெடுக்க ஆள் விட்டதும் அப்பா. நகையை அடகு வைத்தது அம்மா.

இப்போது 2024 நவம்பர் கடைசியில் பெய்த மழைக்குக் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த முறையாவது அப்பா பெயர் ஏற என்ன செய்ய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய அடங்கல்

அம்மா, நான் வருவாய்த்துறையில் கிராம அளவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பட்டியல் எப்படித் தயாராகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த இடத்தில் பெயர் விடுபடுகிறது என்று அதிலிருந்தே தெரியும்.

தண்ணீர் வடியத் தொடங்கியதும் கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண் அலுவலரும் சேர்ந்து சர்வே எண் வாரியாக வயலைப் பார்க்க வேண்டும். எவ்வளவு பரப்பு, என்ன பயிர், என்ன பருவம், பாதிப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேலா கீழா என்று குறிப்பார்கள். அந்தப் பட்டியல் வட்டாரத்துக்குப் போய், ஆட்சியரிடம் போய், அரசுக்குப் போகிறது. ஆணை வந்த பிறகு பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும்.

வயலைப் பார்ப்பதில் பெரும்பாலும் தவறு நடப்பதில்லை. பெயர் எழுதும் இடத்தில்தான் நடக்கிறது. சர்வே எண்ணுக்கு நேரே பெயர் எழுத வேண்டும். சிட்டாவை, அதாவது நில உரிமைப் பதிவைத் திறந்தால் பட்டாதாரர் பெயர் கணினியில் தயாராக இருக்கிறது. உழுகிறவர் பெயர் எங்கே இருக்க வேண்டும்? அடங்கலில். கிராமக் கணக்கு எண் 2. அதில் அந்தப் பசலியில், அதாவது வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டில், யார் என்ன பயிர் வைத்தார் என்று இருக்க வேண்டும். உங்கள் அப்பா கேட்டிருக்க வேண்டியது 1432-ஆம் பசலிக்கு, அதாவது 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரைக்கும், தம்முடைய பெயரைச் சாகுபடிதாரராகக் காட்டும் அடங்கல். மழைக்குப் பிறகு கேட்டால் "இப்போதுதான் ஞாபகம் வந்ததா" என்பார்கள். நடவு முடிந்த கையோடு கேட்டு வாங்கியிருந்தால் யாரும் மறுக்க முடியாது.

எங்கள் ஆட்களையும் நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஒருவர் கையில் இரண்டு மூன்று கிராமம், சில நாளில் பட்டியல் கேட்பார்கள். ஆனால் ஊரில் எந்த வயலை யார் உழுகிறார் என்று தெரியாத கிராம அலுவலர் கிடையாது. தெரிந்தும் எழுதாமல் விடுவது தவறு. நானும் சில வருடம் அப்படி எழுதாமல் விட்டிருக்கிறேன், அது இன்றைக்கும் மனசை உறுத்துகிறது.

மேலவீதி

நான் நிலம் குத்தகைக்கு விட்டிருக்கும் பக்கத்திலிருந்து பேசுகிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்களுக்கு ஐந்து ஏக்கர். தாத்தா காலத்து நிலம். மழையில் பயிர் போன வருடம் குத்தகையும் வராது, அதை யாரும் பேசுவதில்லை. நிலவரி நாங்கள் கட்டுகிறோம். எழுத்தில் குத்தகை கொடுத்தால் பிறகு நிலம் கையை விட்டுப் போய்விடும் என்ற பயம் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறது. 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969 குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் இரண்டும் உழுபவர் பக்கம் நிற்கின்றன. அது சரியா தவறா என்று நான் சொல்லவில்லை. எங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். நிவாரணப் பட்டியலில் குத்தகைக்காரர் பெயர் ஏறினால் நாளைக்கு அதுவே ஆதாரமாகிவிடும் என்று நினைக்கிறோம்.

நாற்றங்கால்

மேலவீதி ஐயா, வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. நான் வேளாண்மைத் துறையில் களப்பணியில் இருந்தவன். ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன்.

இந்தப் பணத்தை எல்லோரும் நட்டஈடு என்கிறோம். அரசாணையில் இதன் பெயர் இடுபொருள் மானியம். மாநிலப் பேரிடர் நிதியின் விதிமுறையிலும் அப்படித்தான், விதைத்த பரப்புக்கு மட்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. போன பயிரின் மதிப்பைத் திருப்பித் தரும் பணம் இல்லை இது. விதைக்கும் உரத்துக்கும் போட்ட காசில் ஒரு பகுதியைக் கொடுத்து, அடுத்த விதைப்புக்கு எழுந்து நிற்க வைக்கும் பணம். உங்களுக்குக் குத்தகை வராமல் போனது நட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் இடுபொருள் எதுவும் வாங்கவில்லையே. பெயரே இது யாருக்கான பணம் என்று சொல்லிவிடுகிறது.

தொகை ஏன் இவ்வளவு சிறியதாக இருக்கிறது என்பதற்கும் இதுதான் காரணம். சம்பாவுக்கு ஏக்கருக்கு எப்படியும் முப்பதாயிரம் செலவு செய்கிறோம், அரசு ஏழாயிரமும் எட்டாயிரமும் தருகிறது என்று ஒவ்வொரு வருடமும் கொதிக்கிறோம். அந்தச் சிறிய பணமும் வயலில் கால் வைக்காதவர் கணக்குக்குப் போனால் உழுதவர் எதை வைத்து மறுபடி விதைப்பார்?

வடவாறு

தொகையைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அப்பாவின் பழைய பாஸ்புத்தகங்களை வைத்து எழுதுகிறேன்.

2017 ஜனவரியில் எல்லா மாவட்டமும் வறட்சி என்று அறிவித்தபோது நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய். ஹெக்டேருக்கு 13,500 என்பதன் ஏக்கர் கணக்கு அது. 2021 ஜனவரியில் நிவர், புரெவி புயல்களுக்காக அந்த ஹெக்டேர் தொகையை 20,000 ஆக்கினார்கள், மானாவாரிக்கு 7,410 என்பது 10,000 ஆனது, ஒருவருக்கு இரண்டு ஹெக்டேர் வரைதான் என்ற வரம்பையும் தளர்த்தினார்கள். 2023 பிப்ரவரியிலும் அதே 20,000. அதே வருடம் டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு 13,500 என்பது 17,000 ஆக உயர்த்தப்படுகிறது என்று அறிவிப்பு வந்தது. 2024 ஃபெஞ்சல் புயலுக்கும் 17,000.

பத்து மாதம் முன்பு 20,000 வாங்கியவருக்கு 17,000 எப்படி உயர்வு? 13,500 பழைய மத்திய விதிமுறை, 17,000 புதிய விதிமுறை, 20,000 மாநிலம் அந்தந்த நேரத்தில் சேர்த்துக் கொடுத்தது. விளக்கம் இருக்கிறது, சரி. ஆனால் பயிர் வைக்கும்போது எந்தக் கணக்கை நம்பி வைப்பது? உரம், கூலி எல்லாம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. மாநிலம் 20,000 கொடுக்க முடியும் என்று இரண்டு முறை காட்டிவிட்டது. அதையே நிலையான தொகையாக அறிவித்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

பேராவூரணித் தென்னை

நெல்லுக்காவது அடுத்த போகம் உண்டு. எங்கள் பக்கத்துக் கதையையும் கேளுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. எங்கள் தோப்பு இரண்டு ஏக்கர், 140 மரம். விடிந்து போய்ப் பார்த்தால் 112 மரம் சாய்ந்து கிடந்தது. என் அப்பா நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த மரங்கள். தோப்புக்குள் நுழைய வழியில்லை, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வானம் அவ்வளவு வெளிச்சமாக அந்த இடத்தில் நான் பார்த்ததே இல்லை. நிழல் இல்லாத தோப்பைப் பார்த்து என் சின்ன மகள் இது நம்ம இடமா என்று கேட்டாள்.

அரசு மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 என்று அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். எங்களுக்கு வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். நெல்லுக்குக் கிடைப்பதோடு பார்த்தால் பெரிய தொகைதான். ஆனால் அகற்றும் செலவு 500-க்குள் அடங்கவில்லை. மரம் அறுக்கும் மிஷினுக்கு ஊரெங்கும் ஒரே நேரத்தில் ஆள் தேடினோம், கூலி அவர்கள் சொன்னதுதான். வேரைத் தோண்டி எடுக்கத் தனிச் செலவு.

அதைவிடப் பெரிய வலி நின்ற மரங்களில் இருந்தது. மீதி 28 மரத்தில் குருத்து திருகிப் போன மரங்கள் இருந்தன. கணக்கெடுக்க வந்தவர்கள் கண்ணுக்கு அவை நிற்கும் மரம், எண்ணிக்கையில் வரவில்லை. ஆறேழு மாதத்தில் மட்டை ஒவ்வொன்றாகத் தொங்கி, 15 மரம் பட்டுப்போனது. அதற்குள் கணக்கெடுப்பு முடிந்து, பணமும் பட்டுவாடா ஆகி, கோப்பும் மூடியாகிவிட்டது. தென்னைக்குக் கணக்கெடுப்பு என்றால் ஒருமுறை பார்த்தால் போதாது, ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறையும் பார்க்க வேண்டும். இதை அப்போதே மனுவில் எழுதிக் கொடுத்தோம்.

நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும். 2019-ல் வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. இடைப்பட்ட வருடங்களில் என் தம்பி வெளிநாட்டு வேலைக்குப் போனான். ஊரில் பாதிப் பையன்கள் அப்படிப் போனவர்கள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்துக் கொல்லைக்காரருக்கு 40 மரம். மூன்று தலைமுறையாக அனுபவித்து வந்த இடம், ஆனால் பட்டா இல்லை, புறம்போக்கு. அவருக்கு ஒரு பைசாகூட வரவில்லை. வெண்ணாற்றங்கரைச் சகோதரி சொல்வதும் இதுவும் ஒன்றுதான். புயல் யாரிடம் பட்டா கேட்டது?

வடவாறு

அண்ணா, கஜாவுக்கு மாநில அரசு ஏறத்தாழ 15,000 கோடி கேட்டது. அந்த டிசம்பர் கடைசியில் தேசியப் பேரிடர் நிதியிலிருந்து மத்திய அரசு ஒதுக்கியது 1,146 கோடி. இந்த இடைவெளிதான் கடைசியில் ஒவ்வொரு தோப்பிலும் வந்து நிற்கிறது.

தாளடி

நான் பெண். கணவர் இறந்து ஆறு வருடம். நிலம் மாமனார் பெயரில் இருக்கிறது, அவரும் இல்லை. கூட்டுப் பட்டாவில் மூன்று மைத்துனர்கள். நடவு முதல் அறுப்பு வரை நான்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு மழைக்கும் ஆதார், பாஸ்புத்தகம், சிட்டா நகல் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இறந்தவர் பெயருக்குப் பணம் போடமுடியாது, வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாற்றிக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள். மைத்துனர்கள் கையெழுத்துப் போட்டால்தானே மாற்ற முடியும்? பாகம் பிரிக்காமல் போடமாட்டோம் என்கிறார்கள்.

இந்த இழையைப் படித்த பிறகுதான் என் பெயரில் அடங்கல் கேட்கலாம் என்றே தெரிகிறது. பழைய அடங்கல் ஐயா, கூட்டுப் பட்டா நிலத்துக்கும் கொடுப்பார்களா?

பழைய அடங்கல்

கேளுங்கள் தாயே, கொடுக்க வேண்டும். பட்டா உரிமையைச் சொல்வது. அடங்கல் அந்த வருடம் யார் பயிர் செய்தார் என்று சொல்வது. இரண்டும் வேறு. உரிமையில் தகராறு இருந்தாலும் பயிர் வைத்தது நீங்கள் என்பதில் தகராறு இல்லையே. அக்கம்பக்கத்து வயல்காரர்கள் இருவரிடம் எழுதி வாங்கி, உரம் வாங்கிய ரசீதையும் வைத்து மனுவாகக் கொடுங்கள். மனுவுக்கு ஒப்புகை கேட்டு வாங்குங்கள். மறுத்தால் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அந்த ஒப்புகையோடு எழுந்து கேளுங்கள். அங்கே எல்லோர் முன்னிலையிலும் கேட்ட கேள்விக்குப் பதில் எழுத்தில் வரும்.

மேலவீதி அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பசலி அடங்கலில் பெயர் வந்ததாலேயே உங்கள் நிலம் போய்விடாது, பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும். அந்தப் பயத்துக்காக நிலக்காரர் ஒருவர் மழையில் நஷ்டப்பட்டவருடைய 24,000 ரூபாயை வைத்துக்கொள்வது நியாயமில்லை. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாற்றங்கால்

பயிர்க் காப்பீட்டையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் சுருக்கமாக. நிவாரணம் வேறு, காப்பீடு வேறு, இரண்டும் வாங்கலாம். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு. குத்தகைக்காரரும் சேரலாம், அதற்கும் அடங்கல் வேண்டும். வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். ஆனால் 2024 நிலவரப்படி, வயலில் நிற்கும் நெல் தண்ணீரில் மூழ்கினால் காப்பீட்டில் தனி வயலைப் பார்த்துப் பணம் தருவதில்லை. கிராமத்தில் சில வயல்களில் அறுவடைப் பரிசோதனை செய்து, ஊர் சராசரி குறைந்தால்தான் ஊருக்கே இழப்பீடு. மேட்டு வயல் தப்பித்து உங்கள் பள்ள வயல் மட்டும் மூழ்கினால் காப்பீட்டை நம்ப முடியாது. அதனால்தான் நிவாரணப் பட்டியலில் பெயர் இருப்பது இவ்வளவு முக்கியம்.

தாளடி

பணம் வந்தாலும் வங்கியில் நகைக்கடன் வட்டிக்கு எடுத்துக்கொள்கிறார்களே, அதற்கு என்ன செய்வது? என் அக்கா கணக்கில் அப்படி ஆனது.

பழைய அடங்கல்

நிவாரணப் பணத்தைக் கடனுக்கு ஈடுகட்டக்கூடாது என்று ஆட்சியர்கள் வங்கிகளுக்குச் சொல்வது வழக்கம். அக்காவை, மாவட்டத்தில் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளருக்கு ஒரு மனு எழுதச் சொல்லுங்கள், நகல் ஆட்சியருக்கு. கூடவே கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் தொடாத கணக்கை நிறுத்திவைத்திருப்பார்கள், பணம் திரும்பிப் போய்விடும்.

மேலவீதி

இரண்டு நாளாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2023-ல் எங்கள் கணக்குக்கும் பணம் வந்தது. அப்போது யோசிக்கவில்லை, அரசு போட்டது என்று எடுத்துக்கொண்டோம். எங்கள் நிலத்தை உழுகிறவருக்கு நேற்று போன் செய்து பேசினேன். அந்தப் பணத்தை இந்த வருடக் குத்தகையில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அடங்கலை அவர் பெயரில் போட எனக்கு ஆட்சேபனை இல்லை என்று கடிதமும் எழுதித் தருகிறேன். அண்ணனிடம் இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

அப்பாவும் நானும் கிராம அலுவலரைப் பார்த்தோம். முதல் நாள் சிட்டா இருக்கிறதா என்றுதான் கேட்டார். அடங்கல் கேட்கிறோம், 1434-ஆம் பசலிக்கு என்று சொன்னதும் உட்காரச் சொன்னார். உர ரசீது, பக்கத்து வயல்காரர்கள் கையெழுத்து எல்லாம் கொடுத்தோம். நான்கு முறை நடந்தோம். போன வெள்ளிக்கிழமை அப்பா பெயரோடு நகல் கிடைத்தது. இந்த மழைக்கான பட்டியல் ஏற்கெனவே மேலே போய்விட்டது, திருத்தப் பட்டியலில் சேர்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். சேர்ந்தால்தான் நிச்சயம்.

2023 பணத்துக்கு நிலக்காரரைக் கேட்டுப் பார்த்தோம். பிறகு பேசலாம் என்றார். அந்த வருடப் பட்டியல் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன், பத்து ரூபாய் முத்திரை வில்லை ஒட்டி. முப்பது நாளில் பதில் வர வேண்டும். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. இருபது வருடப் பழக்கம் கெட்டுவிடும், அடுத்த வருடம் நிலத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்கிறார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் மனுவைத் திரும்பப் பெறவில்லை.

புதுநடவு

இந்த இழையை இப்போதுதான் பார்க்கிறேன். கீழ்வேளூர் பக்கம். எங்களுக்கும் வாய்ப்பேச்சுக் குத்தகைதான், இரண்டு ஏக்கர். இன்னும் வயலில் தண்ணீர் நிற்கிறது, எங்கள் தெருப்பக்கம் கணக்கெடுக்க யாரும் வரவில்லை. உடனே என்ன செய்யட்டும்?

வெண்ணாற்றங்கரை

தம்பி, முதலில் இன்றைக்கே போய்ப் போட்டோ எடுத்துவிடு. வரப்பு, பக்கத்து வயல், பக்கத்தில் மதகோ கோயிலோ இருந்தால் அது தெரிகிற மாதிரி. அப்பாவை வயலில் நிற்க வைத்து எடு. தேதி விழும்படி செட்டிங்கில் மாற்றிக்கொள். தண்ணீர் வடிந்த பிறகு வந்து பார்த்தால் பயிர் பச்சையாகத் தெரியும், அழுகிய வேர் தெரியாது. நான்கு தூரைப் பிடுங்கி வேரையும் எடு. உர ரசீது இருந்தால் தேடி வை, இல்லையென்றால் கடையில் கேட்டால் நகல் தருவார்கள். நாளைக்குக் காலையில் அடங்கலுக்கு மனு எழுதிக் கொடு, ஒப்புகை வாங்காமல் வராதே. மனு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை என்றால் நாங்கள் கொடுத்ததை இங்கேயே பதிவிடுகிறேன், பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றிக்கொண்டால் போதும்.